சந்தில் விழுந்த பனி

காலையில் வாரிக் கொட்டிய பனி மத்தியானத்துக்குள் திரும்பி வந்திருந்தது. புதிதாக விழுந்த பனி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. விழுந்த பனி பஞ்சாகக் கிடக்கும். இவை பனி வாரும் ஷவலால் வெட்டிய கட்டிகள். கென்சாகுவின் ஷவலுக்கு ஒரு மூலை மடங்கியிருக்கும். அந்த மடங்கிய மூலையின் தடம் ஒவ்வொரு கட்டியிலும் இருந்தது. பக்கத்து வீட்டு முற்றத்தில் காலையில் அவர் கொட்டியதெல்லாம் இப்போது அவருடைய வாசற்கதவை ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக, அவர் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன.

பக்கத்து வீட்டில் ஆள் கிடையாது. ஷின்பெய் கிழவர் போன பிப்ரவரியில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வீடு பூட்டித்தான் கிடக்கிறது. கென்சாகு இரண்டு வீட்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்தார். காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. எந்தக் குறும்புக்காரன் வேலையோ என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினார். ஜப்பானில் அகிதா மலைக்குள் இருக்கும் அந்தக் குக்கிராமத்தில் மிச்சமிருப்பது பதினோரு வீடு, எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பது உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது.

அறுபத்து நான்கு வருஷமாக அவருக்குப் பனியைப் பிடிக்காது. பிடிக்காது என்பது சாதுவான வார்த்தை. நவம்பரில் முதல் பொட்டு விழும்போதே அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். கூரை ஏறித் தள்ளு, வாசலில் வாரு, மறுபடி கூரை ஏறு. தள்ளியதை எங்கே கொட்டுவது என்பதுதான் அந்த ஊரில் பாதிச் சண்டைக்குக் காரணம். கென்சாகு யோசித்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பக்கம் கொட்டிவிடுவார்.

வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு. பனியின் பாரம் கண்ணாடியை உடைக்காமலிருக்கக் கீழ்த்தளத்து ஜன்னல்களுக்கு வெளியே பலகை அடித்தாகிவிட்டது. பலகைகளுக்கு மேலும் பனி ஏறிவிட்டதால் ஈரமரமும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை எங்கும் போகாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளறையில் அவர் மனைவி சதாயோ மூன்று நாள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். வறட்டு இருமல், நிமிஷத்துக்கு ஒன்று. அவள் காலடியில் சுவரோடு பொருத்திய மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் வாய் திறந்திருக்கும்.

ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் எய்ஜிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மேல வளைவுல பனி சரிஞ்சு ரோட்ட மூடிடுச்சு. நான் வந்து சேர அஞ்சு மணி ஆகும். ஆம்புலன்ஸ்காரனும் என் பின்னாடிதான் வரணும். அண்ணிக்கு எப்படி இருக்கு?"

"முப்பத்தொன்பதரை டிகிரி காய்ச்சல். மூச்சு வேற இழுக்குது."

"அடுப்ப மட்டும் அணைச்சிராதீங்க, வெளிய மைனஸ் பன்னெண்டு. குழாயப் பாத்துக்கங்க, மூடிடப் போவுது. ஷின்பெய் தாத்தா கத தெரியும்ல?" எய்ஜி உடனே நாக்கைக் கடித்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது. "உங்களுக்குப் போயி சொல்றேன் பாருங்க. அன்னிக்கு அவரு குழாயச் சுத்தம் பண்ணிக் குடுத்ததே நீங்கதான."

"ஆமா" என்றார் கென்சாகு. ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய ஆமா அது.

போனை வைத்தபோது அடுப்பில் ஏதோ மாறியிருந்தது. நீலமாக நிற்க வேண்டிய சுடர் நுனியில் மஞ்சளாகி ஆடியது. புகை போக வழியில்லாவிட்டால்தான் இப்படி ஆகும். அவர் ஷவலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

சந்து ஓர் ஆள் நுழையும் அகலம்தான். இரண்டு பக்கமும் சுவர், தலைக்கு மேலே ஒரு கோடு வானம். அவருடைய குழாயை அவர் எப்போதோ ஆளுயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டார், எந்தப் பனியும் அதைத் தொட்டதில்லை. இன்று அந்த உயரத்துக்குப் பனி இருந்தது. குழாய் இருக்க வேண்டிய இடத்தில் பனி வழவழவென்று, ஷவலின் முதுகால் தட்டிச் சமன் செய்யப்பட்டிருந்தது. ஷவலை ஓங்கி இறக்கினார். வெட்டினார். குழாயின் வாய் தெரிந்ததும் ஆவி புஸ்ஸென்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

சுடர் நீலமாகியிருந்தது. சதாயோ கண்ணைத் திறந்திருந்தாள்.

"என்னங்க, யாரு வெளிய பனி அள்றது?"

"நான்தான்."

"நீங்க உள்ள வந்தப்புறமும் கேக்குதே."

அப்போதுதான் அவருக்கும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், அவசரமே இல்லாமல். சரக். சரக். சரக். அப்புறம் ஷவலின் முதுகால் மெல்ல ஒரு தட்டு. தொப்.

"ஷின்பெய் சான் இப்படித்தான் அள்ளுவாரு" என்றாள் சதாயோ. காய்ச்சலில் காய்ந்த உதட்டில் சிரிப்பு வந்தது. "மூணு வாரு, ஒரு தட்டு. பிள்ளையத் தூங்க வெக்கிற மாதிரி தட்டுவாரு."

"காய்ச்சல்ல உளறாத. படு."

"அன்னிக்கு நானே போயிருக்கணும். பூட்ஸ்கூட மாட்டிட்டேன். நீங்கதான், குழாயப் பாத்துச் சுத்தம் பண்ணிட்டேன், குளிர்ல நீ எதுக்குன்னீங்க." இருமினாள். "நீங்க சுத்தம் பண்ணியும் அப்படி ஆயிடுச்சே மனுஷனுக்கு. என்ன விதியோ."

மறுநாள் காலை முள்ளங்கி ஊறுகாய்க் கிண்ணத்தோடு போய், அடுப்புப் புகையில் மூச்சடைத்துச் செத்துக் கிடந்த அவரைக் கண்டுபிடித்தவள் சதாயோ. ஒரு வருஷமாக வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் சொல்லி அழுவாள். ஒவ்வொரு முறையும் கென்சாகு அவள் முதுகைத் தடவிக் கொடுப்பார். ஊரே அவரைப் பாவம் என்றது.

ஷின்பெய்க்குப் பனி பிடிக்கும். அதுதான் கென்சாகுவுக்கு ஆறவில்லை. எழுபத்தெட்டு வயதில் அந்த மனுஷன் வாசலில் பனியைப் படிக்கட்டு மாதிரி வெட்டி, ஓரத்தைக் கையால் நீவி, தள்ளி நின்று ரசிப்பார். அவர் வீட்டில் பழைய அடுப்பு, அதன் குழாய் இதே சந்தில் முழங்கால் உயரத்தில்தான் இருந்தது. மூன்று முறை வந்து குனிந்து வணங்கிச் சொன்னார். "கென்சாகு சான், சிரமம் பாக்காம சந்துல மட்டும் கொட்டாம இருங்க, குழாய் மூடிக்குது." நான்காவது நாள் காலை, கென்சாகு இடுப்பொடிந்து நின்ற வேளையில், "எவ்ளோ அழகா விழுது பாத்தீங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கென்சாகுவின் தொண்டையில் முள்ளாக நின்றது. அன்று மாலை கூரைப் பனி முழுவதையும் சந்தில் தள்ளினார். ஷின்பெய்யின் குழாய் மூழ்கியது. சூட்டில் பனி உருகி, அந்த இடத்தில் ஒரு துளை விழுந்து ஆவி வந்தது. அவர் அதைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். இன்னொரு ஷவல் அள்ளி அந்தத் துளையின் மேல் போட்டார். பிறகு தட்டினார்.

சுடர் மறுபடி மஞ்சளானது.

இரண்டாம் முறை ஓடினார். மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் பனி முன்னைவிட உயரம், முன்னைவிட வழவழப்பு. நான்காம் முறை திரும்பியபோது அடுப்பு மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போயிருந்தது, கண் எரிந்தது, தலை சுற்றியது. அடுப்பை அணைத்தார். கால் மணி நேரத்தில் அறை கல்லாகச் சில்லிட்டுவிட்டது. சதாயோவின் தலைமாட்டில் இருந்த டம்ளர்த் தண்ணீரின் மேல் பனி ஏடு கட்டியது. அவள் உதடு நீலம் பாரித்தது.

"குளிருதுங்க. அடுப்பு... அடுப்பப் போடுங்களேன்."

போட்டால் புகை கொல்லும். போடாவிட்டால் குளிர் கொல்லும். மணி மூன்று. எய்ஜி வர இன்னும் இரண்டு மணி நேரம். இருக்கிற போர்வையையெல்லாம் அவள்மேல் குவித்துவிட்டு கென்சாகு மறுபடி சந்துக்குள் போனார்.

இந்த முறை ஷவல் இறங்கவில்லை. பனி இறுகிக் கிடந்தது. அதன்மேல் ஏறி மண்டியிட்டுக் கையால் தோண்டினார். கையுறை கிழிந்தது, நகம் பெயர்ந்தது. முழங்கை வரை கையை விட்டபோது குழாயின் விளிம்பு தட்டுப்பட்டது. விளிம்புக்குள் விரலை விட்டார்.

உள்ளே விரல்கள் இருந்தன.

ஐந்து விரல். உலர்ந்தவை. சூடானவை. குழாயின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. அவருடைய கையை அவை பிடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. பொத்தியது பொத்தியபடி.

கத்தினார். கையை இழுத்துக்கொண்டு பின்னால் விழுந்தார். தலைக்கு மேலே, இரண்டு கூரைக்கும் நடுவிலிருந்த கோடு வானத்தில், எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

சரக். சரக். சரக். தொப்.

ஒரு கட்டி அவர் மடியில் விழுந்தது.

"ஷின்பெய் சான்!" குரல் உடைந்தது. "என்னைய என்ன வேணா பண்ணுங்க. அவள விட்டுருங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ உங்களப் பாக்க வரத்தான் இருந்தா. நான்தான் விடல. சுத்தம் பண்ணிட்டேன்னு பொய் சொன்னேன். உங்க குழாய மூடினது நான். துளை விழுந்துச்சு, பாத்தேன், பாத்துட்டுத்தான் மூடினேன். போதுமா? கேட்டீங்கள்ல? எடுங்க கைய!"

சத்தம் நின்றது.

குழாயின் வாயிலிருந்து பனி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கருப்பாக, சுத்தமாக, திறந்து கிடந்தது வழி. கென்சாகு அழுதார். தப்பித்தோம் என்று நினைத்தார். குழாயில் காதை வைத்தார், அவள் இருமுவது கேட்கிறதா என்று. சுவர் மெலிந்த இடம் அது. உள்ளே படுத்திருப்பவரின் மூச்சுகூடக் கேட்கும்.

கேட்கவில்லை. அப்போதுதான், இங்கே பேசியது அங்கேயும் கேட்டிருக்கும் என்பது அவருக்கு உறைத்தது.

உள்ளே ஓடினார், படுக்கை காலி. போர்வைகள் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. மாடிப் படியில் குளிர்காற்று இறங்கியது. ஏறினார். பனி கனத்த வருஷங்களில் ஊரே மாடி ஜன்னல் வழியாகத்தான் போய்வரும். அந்த ஜன்னல் முழுதாகத் திறந்திருந்தது. விளிம்பில் சதாயோ உட்கார்ந்திருந்தாள். வெள்ளை இரவு அங்கி. காலில் பூட்ஸ்.

"சதாயோ. உள்ள வா. வழி திறந்துடுச்சு, அடுப்பப் போடலாம்."

அவள் திரும்பவில்லை. "நான் போயிருந்தா பொழச்சிருப்பாரா?"

கென்சாகு கையை நீட்டியபடி ஓர் அடி எடுத்து வைத்தார்.

"ஒரு வருஷமா அழுதேனே. என் முதுகத் தடவித் தடவிக் குடுத்தீங்களே." அவள் குரலில் காய்ச்சல் இல்லை. "அந்தக் கையாலயா?"

அவள் வெளியே இறங்கினாள். புதுப்பனி, இடுப்பு வரை உள்ளே போக வேண்டும். போகவில்லை. அவள் காலடியில் பனி படிக்கட்டாக வெட்டியிருந்தது. ஓரங்கள் நேர்த்தியாக நீவப்பட்டிருந்தன.

அவர் பாய்ந்தார். ஜன்னல் அவர் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. கண்ணாடியைக் குத்தினார். அதற்குப் பின்னால் கல்லாகப் பனி இருந்தது. கீழே ஓடினார். வாசற்கதவு அசையவில்லை. போன், உயிர் இல்லை. மறுபடி மாடிக்கு ஓடினார். "சதாயோ! சதாயோ!"

கீழே, அவர் தன் கையாலேயே அணைத்த அடுப்பு, பப் என்று பற்றிக்கொண்டது. போக வழியில்லாத புகை படியேறி வந்தது.

ஜன்னலின் அடிப்பாதி வெள்ளையிலிருந்து நீலமானது. நீலத்திலிருந்து சாம்பல். மேலே விரற்கடை அளவு வெளிச்சம் மிச்சம். அதன் வழியாக அவர் பார்த்தார், யாரும் தெரியவில்லை. பனி மட்டும் வந்து வந்து விழுந்தது, அவசரமில்லாமல்.

சரக். சரக். சரக். தொப்.

அதோடு சேர்ந்து இன்னொரு ஷவல். புதுக்கை. இன்னும் தாளம் பிடிபடாத கை. சரக்... சரக்... நடுவில் நின்று, வறட்டு இருமல் ஒன்று. பிறகு மறுபடி வாரியது.