கையைத் தூக்கினால் பாட்டு நிற்கும்

இசையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கருத்துகள் நிறைய உண்டு.

என் அப்பா பல் டாக்டர். பள்ளி விட்டதும் நான் நேராக அவருடைய கிளினிக்குக்குப் போய்விடுவேன். அம்மா வேலை முடிந்து வந்து அழைத்துப் போகும்வரை அங்கேதான் இருப்பேன். சும்மா ஒன்றும் இருக்க மாட்டேன். எனக்கு அங்கே ஒரு முக்கியமான பொறுப்பு இருக்கிறது. இசைத்தட்டு மாற்றும் பொறுப்பு.

அப்பாவின் சிகிச்சை அறையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் உண்டு. பக்கத்து அலமாரி முழுக்க இசைத்தட்டுகள். எல்லாம் அவர் கல்லூரிக் காலத்திலிருந்து பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. கையுறை போட்டுக்கொண்டு அடுத்தவர் வாய்க்குள் வேலை செய்கிறவர் இசைத்தட்டைத் தொட முடியுமா? அதனால்தான் நான். உறையிலிருந்து எடுப்பேன். விளிம்பில் மட்டும் பிடிப்பேன். தூசி துடைப்பேன். முள்ளை மெல்ல இறக்குவேன். இதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. என்ன இவள் இப்படிப் பெருமையடிக்கிறாள் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைதான்.

ஒவ்வொரு தட்டும் முடிந்ததும் என் கருத்தைச் சொல்லிவிடுவேன். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டால் சொல்லக் கூடாதா என்ன?

“அப்பா, இந்த சிம்பொனிக்காரங்க ஆரம்பத்துலேர்ந்து ஏன் இவ்வளவு கோபமா இருக்காங்க? என்ன கோபம்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.”

அப்பா பதில் சொல்ல மாட்டார். நர்ஸ் அக்கா மட்டும் முகக்கவசத்துக்குள் சிரிப்பார். அவருடைய கண்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

“இந்த ஆப்பராவுல பாடற அம்மா சாகப் போறாங்களா? சாகப் போறவங்களுக்கு இவ்வளவு மூச்சு எங்கேர்ந்து வருது?”

ஜாஸ் எனக்குப் பிடிக்கும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆனால் யாரும் யாரையும் அதட்ட மாட்டார்கள். எங்கள் வகுப்பு அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது உறையில் சிவப்புக் குடை படம் போட்ட ராக் ஆல்பம். அதில் டிரம்ஸ் அடிப்பவர் கை ஓயவே ஓயாது. எனக்குப் பிடிக்காதது ஒரே ஒரு ஆல்பம்தான். ஒரு தாத்தா கிடாரை வைத்துக்கொண்டு தனியாக முனகும் ப்ளூஸ் ஆல்பம்.

“இந்தத் தாத்தாவுக்குப் பல் வலியா அப்பா?” என்று ஒருநாள் கேட்டேன்.

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“அது கிளாசிக் ஆல்பம். எத்தனையோ வருஷமா நிலைச்சு நிக்குது. உனக்கு அபிப்பிராயம் சொல்ற வயசு இல்ல. பேசாம கேளு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?”

“கழுதைக்கும் மூக்கு இருக்குல்லப்பா?” என்றேன்.

நர்ஸ் அக்கா திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

அன்று மாலை கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு பூட்டு வந்தான்.

பூட்டு என் வகுப்பில் படிக்கிறான். டீச்சர் கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவான். பந்து வேண்டும் என்றால் கையை நீட்டுவான். வாயைத் திறந்து பேசவே மாட்டான். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அதற்கு அவன் மறுப்புச் சொன்னதும் இல்லை. மறுப்புச் சொல்லவும் வாயைத் திறக்க வேண்டுமே!

அவனுடைய வலது கன்னம் பன்னைப் போல உப்பியிருந்தது. கூட வந்த அவனுடைய அம்மாவின் முகத்தில் தூங்காத களைப்பு தெரிந்தது.

“ராத்திரி பூரா துடிச்சுட்டான் டாக்டர். ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல” என்றார் ஆன்ட்டி.

அப்பா அவனை நாற்காலியில் உட்காரவைத்தார். “எங்கே, ஆ சொல்லு பார்ப்போம்.”

பூட்டு உதடுகளை இறுக்கிக்கொண்டான்.

ஆன்ட்டி கொஞ்சினார். கெஞ்சினார். அதட்டினார். நர்ஸ் அக்கா தன் பல்லைக் காட்டிக் காட்டி விளக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. பல்லை எடுக்க வேண்டுமென்றால் முதலில் வாய் வேண்டும். வாயைத்தான் காணவில்லை.

“சிம்பொனி போடும்மா. மனசு கொஞ்சம் அமைதியாகட்டும்” என்றார் அப்பா.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு தட்டைப் போட்டேன். முதல் முழக்கம் ‘டாம்!’ என்று விழுந்ததும் பூட்டு நாற்காலியிலிருந்து துள்ளி இறங்கினான். ஒரே ஓட்டமாக வெளியே போய்விட்டான்.

அப்பா முகக்கவசத்தைக் கழற்றினார்.

“பல்லுக்குக் கீழே சீழ் வைக்க ஆரம்பிச்சிருக்கணும். தள்ளிப்போட முடியாது. இங்கே ஒத்துழைக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதித் தரணும். அங்கே மயக்க மருந்து கொடுத்து எடுப்பாங்க.”

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. நான் மெல்ல வெளியே போனேன்.

பூட்டு, காத்திருக்கும் அறையில் மீன்தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

“ரொம்ப வலிக்குதா?”

தலையை ஆட்டினான்.

“எங்க அப்பா நல்லா எடுப்பாரு. மருந்து போட்டா மரத்துப் போயிடும். அதுக்கப்புறம் தெரியவே தெரியாது.”

அதற்கும் தலையை ஆட்டினான். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

“அப்புறம் ஏன்டா?”

மீன்கள் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தன. பூட்டு கன்னத்திலிருந்து கையை எடுத்தான்.

“வாயைத் திறந்துட்டா பேச முடியாதுல்ல? நடுவுல வேணாம்னு தோணுச்சுன்னா எப்படிச் சொல்றது? சொன்னாலும் யாரு கேப்பாங்க?”

அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

யாரும் நம் கருத்தைக் கேட்காவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்காமலே சொல்லிவிடுவேன். அந்த நாற்காலியில் படுத்திருப்பவரால் அது முடியாது. திற, திரும்பு, கொப்பளி, துப்பு என்று எல்லாரும் அவருக்குச் சொல்வார்கள். அவர் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. இத்தனை நாள் அந்த அறையில் நின்றிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லையே!

“உனக்குக் கை இருக்குல்ல?” என்றேன்.

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

“வா உள்ள” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

“அப்பா, இவன் வாயைத் திறப்பான். ஆனா ரெண்டு நிபந்தனை.”

“நிபந்தனையா?” அப்பாவின் புருவம் மேலே போனது.

“இடது கையைத் தூக்கினா எல்லாம் நிக்கணும். நீங்களும் நிறுத்தணும், பாட்டும் நிக்கும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது.”

“சரி. இன்னொண்ணு?”

“நான் பாட்டுப் போடுவேன். பிடிச்சிருக்கா இல்லையான்னு இவன் வலது கையால மார்க் போடுவான். அஞ்சு விரல் காட்டினா அஞ்சு மார்க்.”

“ஏம்மா, இது கிளினிக்கா, பாட்டுப் போட்டியா?”

“அப்பா, இங்கே படுத்திருக்கிறவங்களை யாராவது எதாவது கேக்கிறோமா? அவனைக் கேப்போம்பா.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பூட்டைப் பார்த்தார்.

“இடது கையைத் தூக்கினா நிறுத்திடுவேன். சத்தியமா” என்றார்.

பூட்டு நாற்காலியில் ஏறிப் படுத்தான். நான் ஜாஸ் தட்டைப் போட்டேன். பியானோவும் சாக்ஸபோனும் பேச ஆரம்பித்தன. அவன் வாயை ஒரு கோடு அளவுக்குத் திறந்தான். அப்பா சின்னக் கண்ணாடியைக் கொண்டுபோனார்.

சட்டென்று இடது கை மேலே போனது.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். நான் முள்ளைத் தூக்கினேன். அறை அமைதியானது. பூட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கையை இறக்கினான். பாட்டு தொடர்ந்தது.

மறுபடி கை தூக்கினான். மறுபடி எல்லாம் நின்றது. மூன்றாம் முறையும் தூக்கினான். எங்களைச் சோதித்துப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவை நினைத்து எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு பூட்டு வாயை நன்றாகத் திறந்தான். ஜாஸுக்கு மூன்று விரல் காட்டினான். மரத்துப்போகும் ஊசியை அப்பா போட்டபோது வலது கை நாற்காலியை இறுகப் பிடித்தது. இடது கை மட்டும் மேலே போகவே இல்லை.

“மருந்து வேலை செய்ய கொஞ்ச நேரம் ஆகும். வேற ஏதாவது போடு” என்றார் அப்பா.

வேறென்ன? சிவப்புக் குடைதான்! ஐந்து விரலும் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு போட்டேன். டிரம்ஸ் பொழிந்தது. அப்பா பல்லைச் சுற்றி மெல்லத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

இடது கை விருட்டென்று மேலே போனது.

“வலிக்குதா கண்ணா?” ஆன்ட்டி பதறிப் போனார்.

பூட்டு தலையைத் திருப்பினான். பாதி உதடு மரத்துப் போயிருந்தது. குழறிக் குழறிச் சொன்னான்.

“பல்லு வலிக்கல. இந்தப் பாட்டுதான் தாங்கல.”

நர்ஸ் அக்கா இந்த முறை முகக்கவசத்துக்கு வெளியே கேட்கும்படியே சிரித்துவிட்டார். எனக்கு முகம் சிவந்தது. சிவப்புக் குடையைத் தாங்க முடியவில்லையாமே! அந்த டிரம்ஸின் அருமை என்ன என்று ஒரு மணி நேரம் விளக்க என் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் நான் வாதாடினால் அவன் பதில் சொல்வான். பதில் சொன்னால் வாய் மூடிவிடும். அதோடு, ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது என்று சொன்னவளே நான்தான்.

முள்ளைத் தூக்கினேன். என் ஆல்பத்தை உறைக்குள் போட்டேன். அலமாரியில் கைக்கு வந்த தட்டை எடுத்தேன். பார்த்தால், முனகும் தாத்தா! வேறு எடுக்கலாமா என்று யோசித்தேன். நான் யார் முடிவு செய்ய? மார்க் போடுகிறவன் அவன்.

கிடார் மெல்லத் தொடங்கியது. தாத்தா நீளமாக ஒரு முனகல் முனகினார்.

பூட்டின் கண்கள் கூரையைப் பார்த்தன. நாற்காலியை இறுக்கியிருந்த விரல்கள் தளர்ந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது விரலும் விரிந்தது. விரிந்தது விரிந்தபடியே நின்றது. வாயும் அப்படித்தான்.

அப்பா குனிந்தார். தாத்தா இரண்டாவது பாட்டைத் தொடங்கும் முன்பே எஃகுக் கிண்ணத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“முடிஞ்சுது” என்றார் அப்பா.

“முடிஞ்சுதா?” என்றார் ஆன்ட்டி. மகனுக்குப் பதிலாக அவர்தான் அழுதார்.

அப்பா பஞ்சை வைத்து, “இதை நல்லாக் கடிச்சுக்கோ, பேசக் கூடாது” என்றார். யார் கேட்டார்கள்? வாயைத் திறக்க மாட்டேன் என்று நின்றவனை இப்போது மூடவைக்க முடியவில்லை.

“அந்தத் தாத்தா அழல. வலிக்குதுன்னு சொல்றாரு, அவ்வளவுதான்” என்றான் பஞ்சோடு. “கேக்கும்போது, நான் மட்டும் தனியா இல்லேன்னு இருந்துச்சு.”

அப்பா கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அந்த ஆல்பத்தை அவர் எவ்வளவோ காலமாகக் கேட்கிறார். நானும் எத்தனையோ முறை அதைச் சுழலவிட்டிருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் இப்படிச் சொல்லத் தோன்றவில்லை. சொன்னவன் எங்கள் வகுப்புப் பையன்! என் மூக்கு உடைந்ததுதான். ஆனாலும் என் நெஞ்சு நிமிர்ந்தது.

“ரொம்ப நன்றி டாக்டர்” என்றார் ஆன்ட்டி.

“எனக்கு வேணாம். என் பொண்ணுக்குச் சொல்லுங்க. இது முழுக்க முழுக்க அவ யோசனை” என்றார் அப்பா. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் தன் இசைத்தட்டுகளை விருந்தாளிகளுக்குக் காட்டும்போது வரும் குரல் அது.

பூட்டு போகும்போது வாசலில் நின்றான்.

“நாளைக்கு ஸ்கூல்ல அந்த டிரம்ஸ் பத்திப் பேசுவோம்” என்றான்.

“பேசுவோம்டா, விட மாட்டேன்” என்றேன்.

அடுத்து உள்ளே வந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். கதவை அடைத்துக்கொண்டு வந்தார். கையைப் பார்த்தால் என் இடுப்பளவு இருக்கும். மீசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர் உட்கார்ந்ததும் நாற்காலி ‘கிரீச்’ என்றது.

“எங்கே, ஆ சொல்லுங்க” என்றார் அப்பா.

அவர் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினார். கதவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாப்பா, வெளியே உக்காந்திருந்தப்போ கேட்டுச்சு. அந்தக் கையைத் தூக்கற விஷயம்... அது சின்னப் பசங்களுக்கு மட்டும்தானா?”

அப்பா ஏதோ சொல்ல வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“இல்ல அங்கிள். இங்கே வாயைத் திறக்கிற எல்லாருக்கும் உண்டு.”

அப்பா மறுக்கவில்லை. கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

“அப்போ சரி” என்று பெருமூச்சு விட்டார் ஓட்டுநர். பிறகு வாயைத் திறந்தார் பாருங்கள், அவருடைய லாரியே உள்ளே போய்விடும்.