பள்ளத்தில் மல்லாந்த ஆடு

காலையில் பள்ளிச் சுற்றுலாவில் கோட்டையைப் பார்க்கப் போனபோது, பாதிப் படியிலேயே நெஸ்டா பயந்து இறங்கிவிட்டாள். இடிந்த கோபுரத்தின் சுழல் படிக்கட்டு இருட்டாகவும் வழுக்கலாகவும் இருந்தது. வகுப்பில் மற்ற எல்லோரும் உச்சியில் நின்று கையசைத்தார்கள். அவள் மட்டும் கீழே புல்வெளியில் நின்றாள்.

மதியம் ரொட்டியைத் தின்றுகொண்டே வகுப்புத் தோழன் கெத்தின் கேட்டான்.

"ஏன் நெஸ்டா, உங்க வீட்டுல மாடிக்கு எப்படிப் போவே? கயிறு கட்டித் தூக்குவாங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நெஸ்டா ஆப்பிளைக் கடித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும், ஓஃபா மன்னர் அந்தக் காலத்தில் எல்லையாக எழுப்பிய நீண்ட மண்மேட்டின் மேல் எல்லோரும் நடந்தார்கள். கெத்தின் காலை அகட்டி நின்றுகொண்டான்.

"இங்க பாருங்க. ஒரு கால் வேல்ஸ்ல, ஒரு கால் இங்கிலாந்துல."

"இப்போ எல்லை இங்க இல்லப்பா, ரெண்டு மைல் தள்ளி இருக்கு," என்றார் கூட வந்த ஆசிரியை பெடோஸ் மிஸ். "உன் ரெண்டு காலும் ஒரே நாட்டுலதான் நிக்குது. நட."

மேட்டுக்குக் கீழே, பழைய அகழிப் பள்ளத்தில், ஒரு செம்மறியாடு மல்லாந்து கிடந்தது. நாலு கால்களும் வானத்தை நோக்கி உதைத்தன. பக்கத்தில் ஒரு குட்டி கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தது.

"வெயில் காயுது போல," என்றான் கெத்தின்.

எல்லோரும் சிரித்தார்கள். நெஸ்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வசந்தத்தில் அவள் அப்பாவின் பண்ணையிலும் ஓர் ஆடு இப்படித்தான் கிடந்தது. சாயங்காலம்தான் பார்த்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் பள்ளத்தில் சறுக்கி இறங்கினாள்.

"நெஸ்டா, கிட்டப் போகாதே. பண்ணைக்காரருக்குச் சொல்லி அனுப்பலாம். கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சிடாதா?" மிஸ் சிறு வயதிலிருந்து நகரத்தில் வளர்ந்தவர்.

"எந்திரிக்காது மிஸ். கம்பளி கனம். வயித்துல காத்து அடைச்சு மூச்சு நின்னுடும். பாருங்க, இப்பவே உப்பியிருக்கு."

மிஸ் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு பையைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டுத் தானும் இறங்கினார்.

"சரி, என்ன செய்யணும்னு சொல்லு."

"மிஸ், நீங்க இடுப்புப் பக்கம். கெத்தின், நீ என் பக்கத்துல வா."

"நானா?"

"உனக்குத்தான் கை பலம். கம்பளியைப் பிடிச்சு இழுக்காதே, அதுக்கு வலிக்கும். தோளுக்கு அடியில கை கொடு. நான் சொன்னதும் உருட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

ஆடு அசைந்தது, மறுபடி பழைய இடத்துக்கே சரிந்தது. இரண்டாவது முறை முக்கித் தள்ளினார்கள். ஆடு புரண்டு எழுந்தது. மேட்டின் மேலிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"கை எடுக்காதீங்க," என்றாள் நெஸ்டா. "கால் மரத்துப் போயிருக்கும். விட்டா திரும்ப விழுந்துடும்."

மூன்று பேரும் முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மழை தூறியது. ஆட்டின் உடல் நடுங்குவது நெஸ்டாவின் கால்களுக்குத் தெரிந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று அதன் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கெத்தின் திடீரென்று முகத்தைச் சுளித்தான்.

"மிஸ், என் ஷூவுக்குள்ள சூடா ஏதோ போகுது."

"அசையாதே," என்றாள் நெஸ்டா. "அது நல்ல அறிகுறி."

"அதுக்கு நல்லது. எனக்கு?"

மிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார். கெத்தினும் சிரித்துவிட்டான். ஆனால் கையை எடுக்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து நெஸ்டா மெல்லப் பிடியைத் தளர்த்தினாள். ஆடு ஓர் அடி வைத்தது, தள்ளாடியது, இன்னோர் அடி வைத்தது. பிறகு பள்ளத்தின் சரிவில் ஏறியது. குட்டி ஓடிவந்து மடியை முட்டிக் குடிக்கத் தொடங்கியது.

வேலிக்கு அப்பால் வண்டிச் சத்தம் கேட்டது. நனைந்த தொப்பியோடு பண்ணைக்காரர் இறங்கி வந்தார்.

"அங்கேர்ந்தே பார்த்தேன். நான் வந்து சேர்றதுக்குள்ள ஆட்டோட உசுரு போயிருக்கும். யாரு தூக்கினது?"

"இவதான்," என்றான் கெத்தின், எல்லோருக்கும் முன்னால். "நாங்க இவ சொன்னதைத்தான் செஞ்சோம்."

பண்ணைக்காரர் தன் சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். சந்தையில் ஒரு பண்ணைக்காரர் இன்னொரு பண்ணைக்காரரோடு குலுக்குவதைப் போல, நெஸ்டா அதை அழுத்திக் குலுக்கினாள்.