காலிக் கிண்ணத்தின் மணம்

ஜாடியின் அடியில் இருந்த கிண்ணம் காலியாக இருந்தது.

மூடியைக் கையில் பிடித்தபடி அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ஜாடிகளில் கிண்ணம் நிறைந்திருந்தது. ஒன்றில் வறுத்த காப்பிக்கொட்டை, ஒன்றில் கிராம்பு, ஒன்றில் ரம்மில் ஊறிய மரச்சில்லு. கிண்ணத்துக்கு மேலே கம்பிவலை, வலையின் மேல் அவள் மணமேற்றிக் கடைக்குக் கொடுக்கும் சுருட்டுகள். ஈரம் சுருட்டைத் தொடக்கூடாது. மணம் மட்டும் மெதுவாக ஏறவேண்டும். இந்த ஜாடியில் வனிலா ஊற்றப்போன நேரத்தில்தான் தொட்டிலில் கைக்குழந்தை சுண்டு விழித்து அழுதது. மூடியின் ரப்பர் வளையம் வேறு அறுந்திருந்தது. அவசரத்துக்குத் தன் பழைய புடவையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து ஜாடியின் வாயில் சுற்றி, மூடியை அழுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்க ஓடியவள், அதன்பின் அந்த ஜாடியை மறந்தே போனாள்.

ஒரு சுருட்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். வெறும் புகையிலை. வேறு ஒன்றும் இல்லை.

வீணாக்க மனமில்லாமல் மற்றவற்றோடு அந்த ஜாடிச் சுருட்டுகளையும் பழுப்புக் காகிதத்தில் தனியாகக் கட்டிக் கடைக்குக் கொடுத்தாள். அடுத்த முறை போனபோது கடைக்காரர் எழுந்தே நின்றார்.

"ஏம்மா, அந்தப் பழுப்புக் காகிதக் கட்டுல என்ன போட்ட?"

"ஒண்ணும் போடலண்ணே. மறந்துட்டேன்."

"யார்கிட்ட கதை விடுற? நான் என்ன எதிர்க்கடையா போடப்போறேன்?" என்று சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பெரியவரு வாசல்லயே பத்தவெச்சாரு. ரெண்டு இழுப்புதான், கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. யாரோ மடியில தலை வெச்சுப் படுத்த மாதிரி இருக்குன்னாரு. நானும் ஒண்ணு பிடிச்சுப் பாத்தேன். சொல்லத் தெரியலம்மா. பால் மாதிரி, வேர்வை மாதிரி, வெயில்ல காஞ்ச துணி மாதிரி. இனிமே அதையே கொண்டா."

அவள் செய்த எதையும் அதுவரை யாரும் இப்படிக் கேட்டு வாங்கியதில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாக் கிண்ணங்களையும் கழுவிக் காயவைத்தாள். எல்லா மூடிகளிலிருந்தும் ரப்பர் வளையங்களைக் கழற்றினாள். அதே புடவையை எடுத்தாள். சுண்டு தூங்கும்போது வாயில் கவ்விக்கொள்ளும் புடவை அது. முந்தானையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கீற்றுகளாகக் கிழித்தாள். பவுடர் போட்ட கையால் சுருட்டைத் தொடக்கூடாது, வெங்காயம் நறுக்கிய கையால் கூடாது என்பது அவளுக்குப் பழக்கம். புகையிலை பக்கத்தில் இருப்பதையெல்லாம் குடித்துவிடும். அதனால் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து சுருட்டுகளை அடுக்கி, ஜாடி வாய்களில் கீற்றுகளைச் சுற்றி மூடினாள். வெளிச்சம் படாத இடம் என்று தன் கட்டிலுக்கடியில் ஜாடிகளைத் தள்ளிவைத்தாள்.

மாலை வெயில் சுவரில் மஞ்சளாகச் சாய்ந்து, வெளியே தெருவின் இரைச்சல் ஓய்ந்து, சமையலறைக் குழாய் சொட்டுவது மட்டும் கேட்கும் வேளைகளில், கட்டிலுக்கடியிலிருந்து மெல்லிய ஓசை ஒன்று வரும். ஈரத் துணி வழியே யாரோ அவசரமில்லாமல் மூச்சை உள்ளே இழுப்பதுபோல. இழுக்கும். இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே விடுவது மட்டும் கேட்காது.

அவளிடம் ஏதோ மாறியிருப்பதை முதலில் சொன்னது கணவன்தான். பார்சல் வண்டி ஓட்டுபவன். அலுத்து வந்து படுத்தவன் அவள் பக்கம் புரண்டு, பிறகு விலகினான்.

"என்னடி இது, உன் பக்கத்துல படுத்தா செவுத்துப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு."

"செவுரு உங்க குறட்டையைக் கேட்டுத் திட்டாது. சந்தோஷப்படுங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதை அவள் கவனித்தாள்.

பிறகு சுண்டு.

தூக்கினால் அவள் கழுத்தில் மூக்கைப் புதைக்கும் குழந்தை அது. அன்றும் புதைத்தது. முகர்ந்தது. உடல் விறைத்தது. தலையைப் பின்னுக்கு இழுத்து, வழி தெரியாமல் வந்து நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு வீறிட்டது. மறுநாள் பால் குடிக்க வாய் வைத்து, விட்டுவிட்டது. அதற்கடுத்த நாள் அவள் கையை நீட்டியதுமே சுவரோரம் தவழ்ந்து ஓடியது. புட்டிப்பாலைக் கணவன் கொடுத்தால் குடித்தது.

"என்னடி பண்ண இதை? அடிச்சியா?"

"நான் ஏங்க அடிக்கப்போறேன்?"

அழவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தன்னைத் தட்டிப் பார்த்தாள். சோறு காகிதம்போல இருந்தது. சுடுபாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்து, உள்ளங்கையில் கொப்புளம் எழும்புவதை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மிச்சமிருந்த முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு சுண்டுவிடம் போனாள். அது துணியைப் பிடித்தது. முகர்ந்தது. கீழே போட்டது.

அப்போதுதான் அவள் கட்டிலுக்கடியில் குனிந்து ஜாடிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். கிண்ணங்கள் காய்ந்திருந்தன. கண்ணாடியின் உட்பக்கம் மட்டும், நெருங்கி நின்று யாரோ பேசியதுபோல, ஆவி படிந்திருந்தது. மூடிகளைத் திறந்தாள். ஜாடிக்குள் முகத்தை வைத்து, நெஞ்சு வலிக்க இழுத்தாள்.

புகையிலை. வெறும் புகையிலை.

எவருக்கும் தன் வாசம் தனக்குத் தெரியாது. அது அவளுக்கு அப்போது உறைத்தது.

அடுத்த அறையில் சுண்டு அழுதுகொண்டிருந்தது. மதியத்திலிருந்து அழுகை. வேலை முடிந்து வந்த கணவன், திறந்திருந்த ஜாடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தான். "உன் கடைக்காரர் உயிரை விடுறாரே, அப்படி என்னதான் இருக்குன்னு பாக்குறேன்" என்றபடி பின்வாசல் படிக்குப் போனான்.

"வேணாங்க. பத்தவெக்காதீங்க."

அவன் திரும்பவில்லை. அவள் சத்தமாகத்தான் சொன்னாள். அப்படித்தான் நினைத்தாள்.

தீக்குச்சி உரசியது.

அழுகை நின்றது.

அவள் நிலைப்படிக்கு வந்தாள். கணவன் படியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தான். "அப்பாடா" என்றான். "இப்பதான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

வெளியே காற்று அசைந்தது. கொடியில் துணி அசைந்தது. புகை கலையவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. தாழ்வாக. தரையோடு.

சுண்டு தவழ்ந்து அவள் காலருகே வந்தது. காலைக் கடந்தது. மேசைக்காலைக் கடப்பதுபோல.

"சுண்டு."

அது திரும்பவில்லை. புகைக்கு முன் உட்கார்ந்தது. சிரித்தது. இரண்டு கைகளையும் மேலே தூக்கியது.

"ம்மா."

புகை குனிந்தது.

குழந்தையின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. தோளில் சாய்வதுபோல. மூக்கு புதைந்தது. கண் செருகியது. சட்டையின் முதுகில் துணி அழுந்திச் சுருங்கியது. ஒரு உள்ளங்கை. ஐந்து விரல்.

சுண்டுவின் குதிகால்கள் தரையை விட்டு எழுந்தன.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவை காலியாக, இரு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன.