இரண்டாவது தட்டு

முதுகெலும்பு உடைந்தவர்களுக்கான வார்டு மூன்றாவது மாடியில் இருந்தது. அவ்வளவு உயரத்தில் வைக்க யாருக்குத் தோன்றியதோ என்று யோசித்தபடியே லிஃப்டில் போனேன். மருந்து வாடை. எங்கோ சக்கர நாற்காலியின் கிறீச். ஜன்னலோரக் கட்டிலில் என் மச்சான், மனைவியின் அண்ணன்.

மச்சான் நாடகக் குழுவில் குதிரை. சரியாகச் சொன்னால் பாதிக் குதிரை. ஒரே துணிக் குதிரைக்குள் இரண்டு பேர். தலைப்பக்கம் இருந்தவருக்கு 'முன்னங்கால்' என்றே பட்டப்பெயர். மச்சான் பின்னங்கால். பதினோரு வருடம் குனிந்தபடி இன்னொருவர் பெல்ட்டைப் பிடித்தே பெயர் வாங்கியவர். உள்ளே ஒன்றும் தெரியாது. முன்னங்கால் குதிகாலால் இரண்டு தட்டு தட்டினால் போக வேண்டும். ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும்.

நான்கு மாதம் முன்பு குதிரை மேடை விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. முன்னங்கால் அங்கேயே போய்ச் சேர்ந்தார். மச்சானுக்கு முதுகெலும்பு.

"ரெண்டு தட்டு கேட்டுச்சு மாப்பிள்ளை." இதை நூறாவது தடவையாகச் சொன்னார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒரு தட்டுதான் என்கிறார்கள். தலைப்பக்கம் யாருக்கு என்று இருவருக்கும் ரொம்ப நாள் மனஸ்தாபம் என்பதும் குழுவுக்கே தெரியும்.

மச்சானே தள்ளியிருப்பாரோ என்று எனக்கும் சந்தேகம்தான். மனைவியிடம் சொல்லிவிட்டு எங்கே போய்ச் சாப்பிடுவது?

வெள்ளிக்கிழமைக்குள் நாலடி நடக்காவிட்டால் சக்கர நாற்காலிதான் என்று சொல்லியிருந்தார்கள்.

"கால் ரெடி. ஆளுதான் ரெடியில்ல," என்றார் பிசியோ அக்கா.

"முன்னாடி யாராவது தட்டுனாதான் வரும்," என்றார் மச்சான்.

அக்கா என்னைப் பார்த்தார். இளிச்சவாயனுக்கு நெற்றியிலேயே எழுதியிருக்கும் போல.

முன்னால் நின்றேன். மச்சான் என் பெல்ட்டைப் பிடித்தார். இரண்டு தட்டு தட்டினேன்.

நடந்தார்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டப்பகல். வராந்தா முழுக்க வெயில். நிமிரச் சொல்லியும் கேட்காமல் குனிந்தே வந்தார் மச்சான். அவர் மூச்சு என் இடுப்பில் சுட்டது. புழுங்கிய துணியும் பழைய வியர்வையும் கலந்த ஒரு வாடை. ஆஸ்பத்திரியில் அந்த வாடை ஏது?

வராந்தா முடிந்து மாடிப்படி வந்தது. ஒரு தட்டு தட்டினேன்.

டக்.

நின்றார்.

"மாப்பிள்ளை..." பின்னாலிருந்து கிசுகிசுப்பு. "உங்களுக்கு முன்னாடி ரெண்டு கால் தெரியுது. யாரு அது?"

எனக்கு முன்னால் படி மட்டும்தான் இருந்தது.

டக்.

அது என் குதிகால் இல்லை.

பெல்ட்டைப் பிடித்திருந்த கைகள் தள்ளின.

பதினாறு படிகள். இப்போது ஜன்னலோரக் கட்டில் என்னுடையது. மச்சான் ஜோராக நடக்கிறார். பார்க்கிறவர்கள் எல்லாம் அவரை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், ரெண்டு தட்டு எனக்கும் கேட்டது என்று சத்தியம் செய்தேன். தலையிலும் அடி என்று எழுதிக்கொண்டார்.

இன்று மதியம் டாக்டர் என் காலை அசைக்கச் சொன்னார். முக்கிப் பார்த்தேன். கல் மாதிரிக் கிடந்தது. வாசலில் மச்சான், கையில் டீயோடு, அசையாமல் நின்றார்.

டக். டக்.

மச்சான் கையிலிருந்த டீ தளும்பியது.

"அட, அசையுதே!" என்றார் டாக்டர்.

நான் அசைக்கவில்லை.