திடலில் எடுத்த தாடை

கடைவாய்ப் பல்லை ஜெக்கரியா இரும்புக் குச்சியால் தட்டினார். கல்லைத் தட்டினால் கல் சத்தம்தான் வரவேண்டும். வந்ததோ, ஈர வாய்க்குள் ஆழ வேரோடிய பல்லின் சத்தம். தஞ்சாவூரில் இருபத்திரண்டு வருஷமாகப் பல் செட் கட்டுகிறவர். செத்த பல், உயிருள்ள பல் இரண்டின் சத்தமும் தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குப் பிரித்துத் தெரியும். மறுபடி தட்டினார். மறுபடியும் அதே சத்தம். மழையில் காது அடைத்துக்கொண்டது என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டார். வாடிக்கையாளரிடம் சொல்லும் பொய்யைவிட இது தரம் குறைவு.

மேஜைமேல் இருந்தது ஒரு கீழ்த்தாடை. கோவிந்தராசு மிராசுதாரின் திடலில் கிணறு தோண்டும்போது முப்பது அடிக்குக் கீழே கிடைத்தது. கறுத்து, கனத்து, முழுக்கக் கல்லாகிவிட்டது. பல் மூன்று, மற்ற இடமெல்லாம் வெறும் குழி. போட்டோவைப் பார்த்த மதராஸ் பேராசிரியர், இது உழவு தெரிந்த காலத்துக்கெல்லாம் முந்தியது, மனுஷன் மனுஷனாக ஆவதற்கு முன்னால் உள்ளது, எலும்பு மக்கினாலும் பல் ஜாடையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பதில் எழுதியிருந்தார். நாளைக் காலையில் நேரில் வருகிறார்.

அந்தத் திடலில் இருபது குடிசைகள். குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று அரசாங்கம் சட்டம் போட்டது. செங்கொடிக்காரர்கள் திடலில் கொடி நட்டார்கள். கோவிந்தராசு வக்கீலைப் பார்த்தார். மூதாதையர் சமாதி என்று நிரூபித்தால் மனை கைவிட்டுப் போகாது என்றார் வக்கீல். மூதாதைதான் கிடைக்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து இது வந்தது.

"புரொபசர் பல்லப் பாத்தாப் பரம்பரையச் சொல்லுவாராம் பாய்," என்று மத்தியானம் சாப்பிட்டு வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார் கோவிந்தராசு. "நம்ம பரம்பரையச் சொல்ற மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க."

"ஐயா, இது கல்லு. வாய் இல்ல."

"வாய் உள்ளவன்தான் சட்டம் பேசறான். கல்லுன்னா சொன்னபடி கேக்கும்ல? கீழவாசல்ல நம்ம கடை காலியா இருக்கு, அது உங்களுக்குத்தான், போங்க."

ஜெக்கரியாவை இருக்கிற கடையிலிருந்து வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். கீழவாசல் என்றதும் அவருக்கு வேறு கேள்வி தோன்றவில்லை.

வேலை ஒன்றும் பெரிசில்லை. கோவிந்தராசின் கீழ்வரிசையை அவர் ஏற்கெனவே அச்செடுத்திருந்தார். அந்த வீட்டு ஆண்களுக்கெல்லாம் கடைசிப் பல்லின் மெல்லும் பரப்பில் ஐந்து குமிழுக்குப் பதில் ஆறு. கல் பல்லில் ஐந்து. பெரிய குமிழின் நடுவே அரத்தால் ஒரு பள்ளம் இழுத்துவிட்டால் ஆறு. சேராத பல்லைச் சேருகிற வரைக்கும் ராவுவதுதானே தொழில்!

மிராசுதார் வீட்டில் அவருக்கு ஒதுக்கியிருந்த நெல் பத்தாய அறையின் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. திடலில் முதல் குடிசைக்காரி கண்ணாத்தாள். தலையில் மழைக்காகச் சாக்கைக் கொங்காணி போட்டிருந்தாள்.

"என்ன பாய், அதுக்கும் செட் கட்டறீங்களா?"

"ஒன் வேலையப் பாரு தாயி."

"எம் வேலைதான் இது. எம் வீட்டுக்கு அடியிலேர்ந்து வந்தது. மிராசுக்குப் பாட்டனாமே? அவங்க பாட்டன் எப்பக் கெணத்துல எறங்கினாரு?" சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. தாடையையே பார்த்தாள். "அதுமேல கை வைக்காதீங்க. எடுத்த எடத்துல போட்டு மூடிருங்க."

"ஏன்?"

"பாத்துக்கிட்டே இருக்கு."

கண்ணே இல்லாத எலும்பு. ஆனால் அவள் மழையில் இறங்கிப் போன வேகத்தைப் பார்த்தால் கிண்டலாகத் தெரியவில்லை.

அரத்தை எடுத்தார். வேலை தொடங்கும்போது வழக்கமாக வரும் பிஸ்மில்லா இன்று வரவில்லை. ஊறிய ஓட்டின் வாடை, பழைய நெல்லின் வாடை, கூடத்தில் மிராசுதாரின் ஊஞ்சல் போட்ட கிறீச், கிறீச்; அதற்கு ஈடாக அரம் இழுக்க இழுக்க, முடி கருகும் வாடை ஒன்று மெதுவாக எழுந்து மற்ற எல்லா வாடையையும் மூடியது. அந்த வாடை அவருக்குத் தெரியும். உயிருள்ள பல்லை ராவினால் வருவது. விரலில் படிந்த தூள் வெதுவெதுப்பாக இருந்தது.

பள்ளம் விழுந்தது. ஆறு குமிழ். அச்சோடு வைத்துப் பார்த்தார். அச்சுக்கும் கல்லுக்கும் மயிரிழை வித்தியாசமில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த எதுவும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில்லை.

தாடையைத் துடைத்து வைத்தார். பல் நான்கு.

மூன்றுதானே?

நான்காவது வெளுப்பாக இருந்தது. ஓரத்தில் வெற்றிலைக் காவி. வேரடியில் ஈரம்.

ஊஞ்சல் சத்தம் நின்றிருந்தது.

விளக்கைக் கிட்டத்தில் இழுத்துப் பல்லை எண்ணினார். ஐந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு. குழிக்குள்ளிருந்து முளைக்கவில்லை. வந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்றும் உட்காரும்போது சின்னதாக ஒரு சத்தம். கூடத்திலும் ஒரு சத்தம். யாரோ எதையோ விழுங்கத் திணறுவதுபோல.

"ஐயா?"



எட்டு. பத்து. எழுந்து ஓடவேண்டும். ஆனால் எண்ணிக்கொண்டே இருந்தார்.

காலடி வந்தது. இழுத்து இழுத்து. கோவிந்தராசு வாசற்படியில் நின்றார். வேட்டி முன்புறம் முழுக்கச் சிவப்பு. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கீழ்வரிசை இல்லை. ஈறு வழவழவென்று, பிறந்த குழந்தையுடையதுபோல மூடியிருந்தது. அவர் கண் ஜெக்கரியாவிடம் இல்லை. மேஜையில் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். தாடையை.

தாடையில் ஒரே ஒரு குழி பாக்கி.

கோவிந்தராசிடம் கொடுக்க இனி ஒன்றும் இல்லை.

ஜெக்கரியாவின் வலது கடைவாயில், வலியே இல்லாமல், ஒரு பல் வேரோடு திரும்பியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளங்கைக்குள் சூடாக வழிந்தது.

மேஜைமேல், தனக்கு மேல்வரிசை இல்லை என்பதையே பொருட்படுத்தாமல், தாடை நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.