தீப்பாய்ந்தாள் கல்லில் எடுத்த படி

ஈரத்தாளைக் கல்லில் ஒட்டிவிட்டு நிமிர்வதற்குள் அதன் நடுவில் உள்ளங்கை அளவு இடம் காய்ந்துபோயிருந்தது. ஓரமெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, நடு மட்டும் எப்படிக் காயும்? ரூத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. கல்லோ உடைமர நிழலில் நிற்கிறது. சித்திரை வெக்கை, சுடாமல் என்ன செய்யும் என்று தன்னையே அதட்டிக்கொண்டு வாளியில் இருந்த கடைசித் தண்ணீரையும் தெளித்தாள்.

சென்னையில் ரயிலேறியது முதல் அவளுக்குக் கோபம்தான். சரித்திர மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் தன் செலவில் கொடுக்கிற பதினைந்து நாள் ஆய்வுப் பயணம். அதை ஒரு பெண் வாங்க எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது! "பொட்டல் காட்டுல போய் நீ கல்லைப் புரட்டுவியாம்மா?" என்று புரொபசர் சிரித்தார், கூடப் படிக்கிற தடியன்களும் சேர்ந்து சிரித்தார்கள். போ, ஆனால் கல்லெழுத்தைத் தாளில் ஒற்றியெடுத்த சுத்தமான மைப்படியோடு வா; வெறுங்கையோடு வந்தால் இனி இந்தப் பயணத்தில் பெண்களுக்கு இடமே கிடையாது என்றுவிட்டார். என்ன மனுஷன்! அவளுக்குப் பின்னால் கீழ்வகுப்பில் இரண்டு பெண்கள் இந்த ஒரு தாளை நம்பிக் காத்திருந்தார்கள். அருப்புக்கோட்டையில் ஏறிய, கரியில் ஓடும் பஸ்ஸின் புகையிலும், திருச்சுழி தாண்டி நடந்த கரிசல் புழுதியிலும் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

நெஞ்சுயரக் கல். முகமில்லை, உடம்பில்லை, வளையல் போட்ட ஒரு பெண்ணின் வலது கை மட்டும் விரல்களை விரித்து உயர்ந்து நிற்கும். கீழே நாலு வரி எழுத்து. கணவன் சிதையில் தானே விரும்பி இறங்கிய உத்தமி என்று புரொபசர் வகுப்பில் உருகி உருகிச் சொல்வார்.

பின்னால் காலடி கேட்டது. பக்கத்து ஊர் ராமலட்சுமி, இடுப்பில் மண்குடத்தோடு நின்றாள்.

"கொஞ்சம் நகருங்க தாயி. உச்சியாச்சு. அவுகளுக்குத் தண்ணி ஊத்தணும்."

"இப்ப ஊத்துனா தாள் பிஞ்சிரும்க்கா. காயட்டும்."

"காயக்கூடாது தாயி. காஞ்சா அவுகளுக்கு எரியும். எங்க மாமியா ஊத்துனாக, இப்ப நான் ஊத்துறேன்."

ரூத்துக்குச் சுள்ளென்று ஏறியது. ஊற்றுக்குழியில் பெண்கள் சிரட்டையால் அள்ளிக்கொண்டிருந்ததை வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "பச்சப்பிள்ளைக நாக்கு வறண்டு கெடக்கு, கல்லுக்கு ஒரு கொடமா? நல்லாருக்குக்கா உங்க நியாயம்!" என்று குடத்தைப் பிடித்து இழுத்தாள். நழுவி விழுந்து உடைந்தது. வெடித்த கரிசல் அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டது.

ராமலட்சுமி ஏசவில்லை. ரூத்தின் கையிலிருந்த கனத்த பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"அத வச்சு என்ன செய்யப் போறீக?"

"தட்டணும். எழுத்துக்குள்ள தாள் எறங்கணும்ல."

"ஐயையோ, தட்டாதீக! இங்கன சாமி ஊர்வலம் வந்தாக்கூட மேளத்த நிப்பாட்டித்தான் கடப்போம். அன்னைக்கு இவுக கத்துனது கேக்கக்கூடாதுன்னுதான் சுத்தி நின்னு கொட்டுனாக."

"கத்துனாகளா?"

"பின்ன? தள்ளிவிட்டா கத்தமாட்டாகளா?"

ரூத் பிரஷ்ஷைத் தாழ்த்தினாள். ஆனால் தாள் முழுக்கக் காயும் முன் தட்டியாக வேண்டும். "நீங்க போங்கக்கா. நான் கூப்பிட்டாத்தான் இந்தப் பக்கம் வரணும். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வரக்கூடாது!" என்று விரட்டினாள். ராமலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊற்றை நோக்கி நடந்தாள்.

விரும்பி இறங்கினாளாம்! கண்ணால் கண்டவர் மாதிரி என்ன உருக்கம்! அந்த ஆளின் மேல் வந்த ஆத்திரத்தையெல்லாம் ரூத் தாளின்மேல் காட்டினாள். தட்டினாள். தொம், தொம், தொம். ஈரத்தாள் கல்லின் பள்ளங்களுக்குள் இறங்க இறங்க, வளையலும் விரல்களும் மேலே எழுந்து வந்தன. முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. சடையை இழுத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லியதாக ஏதோ கேட்டது, அடுத்த வீட்டில் பெண் அழுவதுபோல. காது கொடுத்துக் கேட்கத் தட்டுவதை நிறுத்தினாள்.

தட்டுச் சத்தம் நிற்கவில்லை.

தொம். தொம். தொம்.

முதுகுக்குப் பின்னால். பிறகு இடப்பக்கம். பிறகு சுற்றிலும். திரும்பினாள். ஆளே இல்லை. வெறும் கரிசல். வெயில்.

தாளைப் பார்த்தாள். கைக்கு மேலே, கல்லில் ஒன்றுமே செதுக்காத இடத்தில், தாள் உப்பியது. குழிந்தது. மறுபடி உப்பியது. மூச்சு. குழிந்த இடம் வாயளவு இருந்தது.

கிழித்தெறி என்றது உயிர். கிழித்தால் படி போச்சு. அந்த இரண்டு பெண்கள்! அந்த ஒரு கணம் தயங்கினாள். பிறகு கையை நீட்டினாள்.

தாளுக்குள் விரிந்திருந்த விரல்கள் மடங்கின. அவள் மணிக்கட்டைப் பிடித்தன.

சூடு. அடுப்புக்கட்டியைப் பிடித்த சூடு. இழுத்தாள். வரவில்லை.

தூரத்தில் ராமலட்சுமி. இடுப்பில் புதுக்குடம்.

"அக்கா! தண்ணி! ஓடியாங்கக்கா!"

தொண்டை கிழிந்தது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கொட்டு. சுற்றிலும் கொட்டு.

ராமலட்சுமி குடத்தை இறக்கி வைத்தாள். விரட்டப்பட்ட வருத்தத்தில் கல்லுக்கு முதுகைக் காட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கூப்பிட்டால்தான் போக வேண்டும்.

ரூத்தின் முந்தானை நுனியில் புகை கிளம்பியது. வாய் பிளந்து கத்திக்கொண்டே இருந்தாள். தாளில் இருந்த வாயும் அவளோடு சேர்ந்து பிளந்தது. நிறைகுடத்தருகே ராமலட்சுமி காதைத் தீட்டிக்கொண்டு, கூப்பிடும் குரலுக்காகக் காத்திருந்தாள்.