எதிர்ப்பக்கத்துப் பட்டன் கடை

அந்த விடுதி அறையில் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் மூன்று பேரும் கட்டில்மேல் ஏறிக்கொள்ள வேண்டும். அவ்வளவு சின்ன அறை.

“வாடகையும் அவ்வளவு சின்னதுதான்” என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

ஆனால் ஜன்னல் பெரியது. கீழே ஒரு ரொட்டிக் கடை. விடிந்ததும் சூடான ரொட்டியின் வாசனை படியேறி மூன்றாவது மாடிக்கு வந்துவிடும். கடைக்கு முன்னால் சாலை. பத்து வயதான மகள் அப்படி ஒரு சாலையைப் பார்த்ததே இல்லை.

எங்கு பார்த்தாலும் ஸ்கூட்டர்கள். ஒன்றின் பின்னால் ஆளுயரக் கண்ணாடி போனது. அதில் வானமும் கூடவே போனது. இன்னொன்றில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு நாய். நாயும் ஹெல்மெட் போட்டிருந்தது. வேறொன்றில் தண்ணீர்ப் பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொரு பையிலும் ஒரு தங்க மீன். இத்தனையும் ஒன்றை ஒன்று உரசாமல் போய்க்கொண்டிருந்தன.

ஜன்னலில் உட்கார்ந்துவிட்டால் அவள் மணிக்கணக்கில் பேசமாட்டாள். வீட்டில் அவளுக்கு மௌனசாமி என்று பெயர்.

“மௌனசாமி, என்ன பார்க்கிற?” என்று அம்மா கேட்பாள்.

“ரோட்டை.”

“ரோட்டுல என்ன?”

அதற்குள் அவள் கண் அடுத்த ஸ்கூட்டரின் பின்னால் போயிருக்கும்.

அவர்களுடைய பிரச்சினையும் அந்தச் சாலைதான்.

இந்த வெளிநாட்டு நகரத்துக்கு அவர்கள் வந்திருப்பது மூன்று நாளுக்கு. அப்பா ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். பட்டியல் போடாமல் எதையும் செய்யமாட்டார். ‘செலவில்லாமல் பார்க்க வேண்டியவை’ என்று இருபத்து மூன்று இடங்களை எழுதி வைத்திருந்தார். அவற்றில் பதினேழு இடங்கள் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கின்றன என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

சாலையில் வெள்ளைக் கோடுகள் இருந்தன. ஆனால் எந்த ஸ்கூட்டரும் அங்கே நிற்கவில்லை. எல்லாம் வளைந்து வளைந்து போயின. நடைமேம்பாலம் பாதிதான் கட்டப்பட்டிருந்தது. முதல் நாள் அம்மா இரண்டு அடி எடுத்து வைத்தாள். அப்பா பதறிப்போய் அவள் கைப்பையைப் பிடித்து இழுத்தார். பையின் வார் அறுந்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் அப்பா ஒரு டாக்சியை நிறுத்தி, எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்று கையால் காட்டினார். ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் டாக்சியே குலுங்கியது. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதனால் இந்தப் பக்கம் இருந்த ஆறு இடங்களையும் பார்த்தார்கள். தபால் நிலையத்தை இரண்டு முறை பார்த்தார்கள்.

“நல்ல தபால் நிலையம்” என்றாள் அம்மா.

ஆனால் அம்மா அதற்காக வரவில்லை. அம்மா தையல் வேலை செய்பவள். எதிர்ப்பக்கம் தெரிந்த மஞ்சள் கட்டடத்தில் மூன்றாவது மாடி முழுவதும் பட்டன் கடைகள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவளிடம் ஒரு பச்சைக் கண்ணாடிப் பட்டன் இருந்தது. பத்து வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தாள்.

“இதே மாதிரி இன்னும் அஞ்சு கிடைச்சா, எனக்குன்னு ஒரு கோட் தைச்சுக்குவேன்” என்பாள். ஊருக்கெல்லாம் தைக்கிற அம்மா தனக்கென்று ஆசையாக ஒன்றும் தைத்துக்கொண்டதில்லை.

இது மூன்றாம் நாள் காலை. இரண்டு மணிக்கு விமான நிலையத்துக்குப் பேருந்து.

“பரவாயில்லங்க. பட்டன்தானே” என்று அம்மா துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஒரே சட்டையை மூன்று முறை மடித்தாள்.

அப்பா பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியல் தலைகீழாக இருந்தது.

மௌனசாமி ஜன்னலுக்குப் போனாள். அது முட்டை அக்கா வருகிற நேரம்.

முட்டை அக்கா என்பது அவளே வைத்த பெயர். மஞ்சள் தொப்பி போட்ட அந்த அக்கா, இரண்டு கைகளிலும் முட்டைத் தட்டுகளை அடுக்கி, மேல் தட்டை மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ரொட்டிக் கடைக்கு வருவார். தினமும் ஏழு நடை. இரண்டு நாளில் பதினான்கு நடை. ஒரு முட்டைகூட உடையவில்லை.

அக்கா ஓடவில்லை. நடுவில் நிற்கவில்லை. பின்வாங்கவும் இல்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போவதுபோல ஒரே சீராக நடந்தார். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். மீன்தொட்டிக்குள் கையை விட்டால் மீன்கள் ஒதுங்குமே, அப்படி ஸ்கூட்டர்கள் ஒதுங்கின. பெரிய பேருந்து வந்தால் மட்டும் ஓரத்திலேயே காத்திருந்து, அது போன பிறகு கால் வைத்தார்.

அப்பா சாலையைக் கடக்க முயன்றதையும் மௌனசாமி பார்த்திருந்தாள். ஓர் அடி முன்னால், இரண்டு அடி பின்னால். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று வண்டிக்காரர்களுக்கே தெரியவில்லை.

‘அப்பா, நீங்க பயப்படுறீங்க’ என்று சொல்லிவிடலாம். சொன்னால் அப்பாவின் காது சிவந்துபோகும். அதை நினைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்தாள். “கீழ போலாமா? முட்டை அக்காவைக் கிட்டப் போய்ப் பார்க்கணும்.”

சாலை ஓரத்துக்கு வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்தாள். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது.

“அப்பா, எனக்கு எதிர்ப்பக்கம் போகணும். ஆனா ரொம்ப பயமா இருக்கு. நீங்க என் கையை விடாம பிடிச்சுக்கிறீங்களா?”

அப்பா அவளைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பயப்படாதம்மா. அப்பா இருக்கேன்ல” என்றார். குரல் கீச்சென்று வந்தது.

“நடுவுல நின்னா எனக்குப் பயமா இருக்கும். ஓடினாலும் பயமா இருக்கும். ஒரே மாதிரி நடங்கப்பா.”

“சரி.”

“வண்டியில வர்றவங்க முகத்தைப் பாருங்க. நீங்க சக்கரத்தைப் பார்த்தா எனக்குத் தலை சுத்தும்.”

“நான் சக்கரத்தைப் பார்த்தா உனக்கு எப்படி...” என்று ஆரம்பித்த அப்பா நிறுத்திக்கொண்டார். “சரி. முகத்தைப் பார்க்கிறேன்.”

ஒரு பேருந்து கடந்து போனது. காலித் தட்டுகளோடு முட்டை அக்கா சாலையில் இறங்கினார். அவர் பின்னாலேயே இவர்களும் இறங்கினார்கள். அப்பாவின் இன்னொரு கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடி, கூடை, பலூன், மெத்தை என்று என்னென்னவோ இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போயின. ஹெல்மெட் போட்ட நாய்கூட அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது.

எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. அப்பா திரும்பி, மூச்சு வாங்க, தங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

“நம்ம ரூம் எவ்வளவு சின்னதா தெரியுது.”

“உள்ள போய்ப் பார்த்தாலும் அவ்வளவுதான்” என்றாள் அம்மா.

மஞ்சள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள். சிப்பிப் பட்டன், மரப் பட்டன், பித்தளைப் பட்டன். கடுகளவு பட்டன், சாஸர் அளவு பட்டன். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

“இப்போ நம்ம வீட்டுல ரெண்டு மௌனசாமி” என்றார் அப்பா.

கடைக்கார அம்மாள் பச்சைப் பட்டன்களை மட்டும் ஒரு தட்டில் கொட்டினார். நாற்பது வகைப் பச்சை. அம்மா கைப்பையைத் திறந்தாள். துழாவினாள். அவள் முகம் மாறியது.

“என் பட்டன் எங்க?”

அப்பா மெதுவாகச் சொன்னார்: “பை வார் அறுந்துபோச்சே, பத்திரமா இருக்கட்டும்னு பாஸ்போர்ட்டோட பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன்.”

அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

“நான் போய்ட்டு வரேன்.”

“தனியாவா போறீங்க?” என்றாள் அம்மா.

“பேருந்து போகட்டும்னு நின்னு, அப்புறம்தான் இறங்குவேன்.”

மௌனசாமி கடை ஜன்னலுக்கு ஓடினாள். கீழே அப்பா நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு இறங்கினார். ஒரு கையைச் சற்றே நீட்டி, யாரோ அதைப் பிடித்திருப்பதுபோல வைத்துக்கொண்டு, ஒரே சீராக நடந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் ரொட்டிக் கடைப் பக்கம் மறுபடி தெரிந்தார். அங்கே கேமராவைக் கழுத்தில் மாட்டிய ஒரு வெளியூர்க்காரர் தவித்துக்கொண்டிருந்தார். அப்பாவைவிட ஒரு தலை உயரம். ஓர் அடி முன்னால், இரண்டு அடி பின்னால்.

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, உடம்பை நடுங்குவதுபோல ஆட்டி, சாலையைக் காட்டிக் கண்ணை அகல விரித்தார். கையை நீட்டினார்.

அந்த உயரமான மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சாலையைக் கடந்தார்கள்.

மௌனசாமி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் ஏன் பயம் என்று சொன்னாள் என்பது அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அப்பா மேலே வந்து பச்சைப் பட்டனை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். கடைக்கார அம்மாள் தட்டில் விரலால் தேடி, ஐந்து பட்டன்களை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்தார். ஆறில் எது பழையது என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

“கூட வந்தது யாருங்க?” என்று அம்மா கேட்டாள்.

“தெரியலையே. எனக்குப் பயமா இருந்தது. பாவம், நல்ல மனுஷன், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார்” என்றார் அப்பா. பிறகு மௌனசாமியின் பக்கம் குனிந்தார். “திரும்பிப் போகும்போது உனக்குப் பயமா இருக்குமா?”

மௌனசாமி யோசித்தாள். வழக்கம்போல வெகுநேரம் யோசித்தாள்.

“கொஞ்சமா” என்று கையை நீட்டினாள்.